பாட்டைப் போடக் காசு கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

திருகோணமலையில் பாட்டுச் செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து உவர்மலையில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் சொந்தப் பாட்டொன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொழும்பு வானொலி ஒன்றில் நிகழ்ச்சிப் பக்கம் வேலை செய்வதாகச் சொல்லும் ஒருவர், 60,000 ரூபாயைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். போட்டால் ஒரு மாதத்துக்கு நாளுக்கு மூன்று தடவை பாட்டுப் போகுமாம். "எல்லாரும் குடுக்கிறதுதான்" என்கிறாராம். இது பிழையா, அமெரிக்காவில் இதற்கு வழக்குகள் நடந்ததாகச் சொல்கிறார்களே அது என்ன, இங்கே சட்டம் என்ன சொல்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அந்தக் காசைப் போடவேண்டாம்.

காசு கொடுத்து வானொலியில் இடம்பிடிப்பது எல்லா நேரமும் குற்றம் இல்லை. சவர்க்காரக் கொம்பனியும் நகைக்கடையும் தினமும் அதைத்தான் செய்கின்றன. நிலையத்தின் விளம்பரப் பிரிவில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டு எடுத்து, "இந்தப் பாடலை உங்களுக்கு வழங்குபவர்கள் இன்னார்" என்று அறிவிப்பாளர் வாயால் சொல்லி ஒலித்தால் அது விளம்பரம். ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. உங்களிடம் கேட்கப்படுவது வேறு. காசு ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகிறது. அவருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலையத்துக்கு அது தெரியாது. கேட்கிற சனத்துக்கும் தெரியாது. பாட்டு நன்றாக இருந்தபடியால் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றே அவர்கள் நினைப்பார்கள். இந்த ஒளிப்புமறைப்புத்தான் சட்டத்தில் மாட்டுகிற இடம். அமெரிக்காவில் அறுபது வருடத்துக்கு மேலாக நடந்துவருகிற விசாரணைகளை எல்லாம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னர், பாட்டுத் தெரிவு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் கொழும்பில் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். ஒரு மணித்தியாலத்தில் செய்தி, விளம்பரம், அறிவிப்பாளரின் பேச்சு எல்லாம் போக ஒரு டசின் பாட்டுக்குத்தான் இடம் வரும். அந்த இடத்தில் பெரும்பங்கைத் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டுகள் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடுக்கில்தான் நம்மவர் பாட்டுகள் எல்லாம் முட்டிமோதுகின்றன: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், வன்னி, திருகோணமலை, அதோடு புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து வருகிறவை. இடம் சின்னது, கேட்கிறவர்கள் கனபேர், தெரிவு செய்கிறவர் ஒருவரோ இருவரோ, அவர்களுடைய சம்பளமும் பெரிதில்லை. எந்த நாட்டிலும் இந்த நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கைமாற்று முளைக்கும். அதற்கு அமெரிக்கனாகவோ இலங்கையனாகவோ இருக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம் உங்களுக்கு முக்கியம். இப்போது பெரும்பாலான வணிக வானொலிகளில் பாட்டை அறிவிப்பாளர் தன் விருப்பத்துக்குப் போடுவதில்லை. நிகழ்ச்சி முகாமையாளர் பட்டியலை ஒப்புக்கொள்கிறார். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஒருமுறை வரவேண்டும் என்று கணினி சுழற்சி போட்டுக்கொடுக்கிறது. ஆகவே உங்களோடு கதைக்கிற ஆளுக்கு, தான் வாக்குக் கொடுத்ததைச் செய்கிற அதிகாரமே இல்லாமல் இருக்கலாம். "நாளுக்கு மூன்று தடவை" என்பதை விடியப்புறம் 2 மணி, 3 மணி, 4 மணிக்கும் நிறைவேற்றலாம். அந்த நேரத்தில் மூதூரில் யார் கேட்பார்கள்?

இனி அமெரிக்கக் கதை. வானொலி வருவதற்கு முன்பே இந்தப் பழக்கம் அங்கே இருந்தது. பாட்டின் இசைக்குறிப்பை அச்சிட்டு விற்கிற வெளியீட்டாளர்கள், தங்கள் பாட்டை மேடையில் பாடச்சொல்லிப் பிரபல பாடகர்களுக்குக் காசு கொடுப்பார்கள். போட்டியில் விலை ஏறி ஏறித் தாங்க முடியாமல் போய், அதை நிறுத்துவதற்கென்றே 1917 இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். பழக்கம் நிற்கவில்லை.

1950களில் தொலைக்காட்சி வந்து வானொலியின் நாடகங்களையும் பெரிய நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போனது. வானொலிக்கு மிஞ்சியது இசைத்தட்டும் அதைப் போடுகிற அறிவிப்பாளரும்தான். அதே காலத்தில், நிமிடத்துக்கு 45 தடவை சுழலும் சிறிய இசைத்தட்டுகள் மலிவாக வந்தன. வாராவாரம் கட்டுக்கட்டாகப் புதுப் பாட்டுகள் நிலையத்துக்கு வந்து குவிந்தன. எதைப் பிரிப்பது, எதைப் போடுவது என்று தீர்மானித்தவர் அறிவிப்பாளர். நியூயோர்க்கில் அப்படி உச்சத்தில் இருந்தவர் அலன் ஃப்ரீட். கறுப்பினக் கலைஞர்களின் இசையை வெள்ளையின இளைஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர்.

1959 இல் தொலைக்காட்சி வினாடிவினாப் போட்டிகளில் விடையை முன்கூட்டியே கொடுத்தது வெளியே வந்து அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்தது. அதை விசாரித்த, ஓரன் ஹாரிஸ் தலைமையிலான நாடாளுமன்ற உபகுழு அப்படியே வானொலிப் பக்கம் திரும்பியது. "பாட்டுப் போட ஒருபோதும் காசு வாங்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி நிலையம் ஃப்ரீட்டைக் கேட்டது. அவர் மறுத்தார். 1959 நவம்பரில் வேலை போனது. அடுத்த வருடம் மே மாதம் நியூயோர்க் மாநிலத்தின் வணிக இலஞ்சச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 1962 டிசம்பரில் இரண்டு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். தண்டனை 300 டொலர் தண்டமும் ஒத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறையும். ஒத்திவைக்கப்பட்டது என்றபடியால் அந்த வழக்குக்காக அவர் உள்ளே போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பழைய இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. வாங்கிய காசுக்கு வரி கட்டவில்லை என்று 1964 இல் இன்னொரு வழக்கு வந்தது. 1965 ஜனவரியில், 43 வயதில் இறந்துபோனார். கையில் வாங்குகிற காசுக்குக் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே இலஞ்சத்துக்குப் பின்னாலேயே வரி வழக்கும் வரும்.

ஃப்ரீட்டின் விஷயத்தில் என்னை இன்னும் வருத்துகிற ஒன்று உண்டு. கறுப்பின ரொக் பாடகர் சக் பெரியின் முதல் பெரிய வெற்றிப் பாட்டு 1955 இல் வந்தது. எழுதியது பெரி. இசைத்தட்டிலோ பாடலாசிரியர் என்ற இடத்தில் அவரோடு ஃப்ரீட்டின் பெயரும் இன்னொருவர் பெயரும் இருந்தன. அதன் பொருள், அந்தப் பாட்டு உழைக்கிற எழுத்துரிமைப் பணம் மூன்றாகப் பிரியும். முழு உரிமையும் பெரியின் பெயருக்குத் திரும்பி வர 1986 ஆனது. முப்பது வருடத்துக்கு மேல்! காசாக 60,000 கொடுத்தால் போனது 60,000. "என்னுடைய பெயரையும் சேர்த்துப் போடுங்கோ, பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் கேட்டு நீங்கள் ஒத்துக்கொண்டால், உங்கள் பிள்ளைகளின் காலத்துக்கும் அது போய்க்கொண்டே இருக்கும். இதையும் உங்களிடம் கேட்பார்கள். அப்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே விசாரணையில் டிக் கிளார்க் என்ற இன்னொரு பெரிய அறிவிப்பாளரும் சாட்சியம் சொன்னார். இசைத்தட்டு, பதிப்பு, அச்சு என்று 33 நிறுவனங்களில் அவருக்குப் பங்கு இருந்தது. தன் நிகழ்ச்சியில் போடுகிற பாட்டுகளில் பல, தானே பங்குதாரராக இருக்கிற நிறுவனங்களின் பாட்டுகள். கைக்காசு எதுவும் வாங்கவில்லை என்று சத்தியம் செய்தார். அவரது தொலைக்காட்சி நிறுவனம் சொன்னபடி பங்குகளை விற்றார். தொழிலில் இன்னும் பல பத்தாண்டுகள் செழிப்பாக இருந்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நீதி சமமாகப் பங்கிடப்பட்டதாகத் தோன்றவில்லை. சபை நடத்தியவர்களுக்குப் பிடித்த மாதிரி உடுத்திப் பணிவாகப் பேசியவர் தப்பினார். அவர்களுக்குப் பிடிக்காத இசையைப் போட்டவர் விழுந்தார். அமெரிக்காவின் பழைய பாடலாசிரியர் சங்கமான அஸ்காப்பும் அந்த விசாரணையைத் தள்ளிவிட்டவர்களில் ஒன்று. புது இசை தங்கள் வருமானத்தைத் தின்கிறது என்ற கோபம் அவர்களுக்கு.

1960 செப்டெம்பர் 13 அன்று சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை மத்திய சட்டத்தில் இதற்கென்று ஒரு குற்றமே இருக்கவில்லை. ஃப்ரீட்டை மாநிலச் சட்டத்தின் கீழ் பிடித்ததற்கு அதுதான் காரணம். புதிய சட்டம் காசு வாங்குவதைத் தடை செய்யவில்லை. வாங்கினால் சொல்லவேண்டும் என்றது. ஊழியர் நிலையத்துக்குச் சொல்லவேண்டும், நிலையம் ஒலிபரப்பில் நேயருக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் 10,000 டொலர் வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கொடுத்தவருக்கும் அதே தண்டனை. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதன் பின்விளைவு ஒன்று இருந்தது. அறிவிப்பாளர்களின் கையில் இருந்து தெரிவை நிலையங்கள் பறித்து நிகழ்ச்சி இயக்குநர்களிடம் கொடுத்தன. நூறு கதவுகளில் தட்டவேண்டிய இடத்தில் ஒரு கதவில் தட்டினால் போதும் என்றானது. இசைத்தட்டுக் கொம்பனிகள் நேரே காசு கொடுக்காமல் நடுவில் தரகர்களை வைத்தன. கொம்பனி தரகருக்குக் கொடுக்கும். தரகர் நிலையத்துக்கு என்ன செய்தார் என்று கொம்பனி கேட்காது. 1981 இல் இரண்டு பெரிய கொம்பனிகள் தரகர்களை வெட்டிப் பார்த்தன. பாட்டுகள் வானொலியில் ஏறவில்லை, கலைஞர்கள் சண்டைக்கு வந்தார்கள், திரும்பவும் தரகர்களிடமே போனார்கள். 1986 இல் தொலைக்காட்சிச் செய்தியொன்று இந்த வலையை அம்பலப்படுத்தியது. தரகர்களில் பெரியவரான ஜோ இஸ்க்ரோ மீது 1989 இல் குற்றப்பத்திரம் வந்தது. அரச வழக்குத்தொடுநர் நடந்துகொண்ட முறை பிழை என்று 1990 இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 1996 இல் மறுபடியும் தள்ளுபடியானது.

அதே 1996 இல், ஒரு நிறுவனம் நாடளாவிய ரீதியில் எத்தனை வானொலிகளை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அமெரிக்கா நீக்கியது. சில வருடங்களில் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. ஒரு மேசையில் எடுக்கும் முடிவு நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒலிக்கும். அந்த மேசைக்கு எவ்வளவு விலை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை உண்மையில் உடைத்தவர் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியட் ஸ்பிட்ஸர். அவர் சாட்சிகளை நம்பி இருக்கவில்லை. கொம்பனிகளின் மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கினார். அதில் எல்லாம் எழுத்தில் இருந்தது. நிகழ்ச்சி இயக்குநர்களுக்கு விடுமுறைப் பயணம், விளையாட்டுக் கணினி, விலையுயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டி. கணக்கில் மட்டும் "நேயர் போட்டிப் பரிசு" என்று எழுத்து. நள்ளிரவுக்குப் பிறகு மலிவான விளம்பர நேரத்தை வாங்கி, அதில் பாட்டை ஓடவிட்டு, தரவரிசை எண்ணுகிற கருவியை ஏமாற்றியிருந்தார்கள். நேயர்கள் போல நடித்து அந்தப் பாட்டைக் கேட்டு நிலையத்துக்குப் போன் எடுக்க ஆட்களை வைத்திருந்தார்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நம்முடைய ஊரில் இதைச் சிலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். சொந்தக்காரர், கூட்டாளிமார் எல்லாரையும் வைத்து நேயர் விருப்பத்துக்குப் போன் எடுப்பிப்பது, முதல் பத்துப் பாட்டு நிகழ்ச்சிக்குக் குறுந்தகவலை அள்ளிக் கொட்டுவது. வீட்டு ஆட்கள் அன்பாலே செய்வது வேறு. காசு கொடுத்து ஆட்களை வைத்துச் செய்தால், அங்கே பல மில்லியன் டொலர் கட்டவைத்த அதே வேலைதான் அது.

எவ்வளவு கட்டினார்கள் என்றால், சோனி பிஎம்ஜி 2005 யூலையில் 10 மில்லியன் டொலர். அதே வருட நவம்பரில் வார்னர் 5 மில்லியன். 2006 இல் யுனிவர்சல் 12 மில்லியன், ஈஎம்ஐ 3.75 மில்லியன். அந்தப் பணம் நியூயோர்க்கில் இசைக் கல்விக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் போகும்படி செய்தார்கள். 2007 இல், அங்கே வானொலிகளை ஒழுங்குபடுத்துகிற மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு நான்கு வானொலிக் குழுமங்களோடு உடன்பாட்டுக்கு வந்தது: மொத்தம் 12.5 மில்லியன் டொலர் கட்டுவதோடு, உள்ளூர்க் கலைஞர்களுக்கும் சிறிய கொம்பனிகளுக்கும் 8,400 அரை மணித்தியாலங்களை ஒதுக்குவது. எனக்கு அந்த முழுக் கதையிலும் பிடித்த பகுதி இந்த 8,400 அரை மணித்தியாலங்கள்தான். திருடப்பட்டது காற்றலை நேரம். திருப்பிக் கொடுக்கப்பட்டதும் அதுவே.

அதோடு முடிந்துவிடவில்லை. 2025 பெப்ரவரியில் அதே ஆணைக்குழு நிலையங்களுக்கு மறுபடியும் எச்சரிக்கை விட்டது. இம்முறை காசு பற்றிய பேச்சு இல்லை. "எங்கள் இசைவிழாவில் இலவசமாகப் பாடு, அல்லது குறைந்த காசுக்குப் பாடு, பாட்டைக் கூடப் போடுவோம், பாடாவிட்டால் குறைப்போம்" என்று கலைஞர்களை நெருக்குவதும் மறைமுகக் கொடுப்பனவுதான் என்றது. இந்த வகை நமக்குப் பழக்கமானது. வானொலி நடத்துகிற இசை இரவில் சும்மா பாடச்சொல்லி, "பாட்டைப் பார்த்துக்கொள்வோம்" என்று தோளில் தட்டுவதை நம் பாடகர்கள் பலர் அனுபவித்திருப்பார்கள்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் பதில் முழுமையாகாது. பின்னாளில் 1991 இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1979 இல் இதைப் பற்றி எழுதினார். காற்றலை நேரம் பெறுமதியான பொருள், அதற்கு விலை வைக்காவிட்டால் வேறு வழியில் விலை வரும், 1950களில் இந்தக் கைக்காசால் முன்னுக்கு வந்தவை பெரிய கொம்பனிகளோடு மோத முடியாத சிறிய கொம்பனிகளே, தடை கேட்டதே பெரியவர்கள்தான் என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. சிறிய கொம்பனிகளின் கறுப்பின இசை காற்றில் ஏறியதற்கு அந்தக் காசும் ஒரு காரணம். ஆனால் அது வெளிப்படையான விலைக்கு மட்டுமே பொருந்தும் வாதம். விலைப்பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது? உங்களிடம் 60,000 கேட்டவர் அடுத்தவரிடம் எவ்வளவு கேட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? பாட்டுப் போகாவிட்டால் யாரிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்பீர்கள்? ஒளித்து நடக்கிற சந்தையில் சின்னவனுக்குத்தான் முதல் அடி. சாம்பல்தீவில் ஒரு கடற்றொழிலாளியின் மகள் அருமையாகப் பாடியிருப்பாள். அவளிடம் 60,000 இல்லை. உங்கள் பாட்டு மூன்று தடவை போகிற இடம் அவளுடைய இடமாகவும் இருக்கலாம்.

வெளிப்படையாகக் காசு வாங்கி வானொலி நடத்தலாம் என்பதற்கு நாம் அமெரிக்காவைப் பார்க்கத் தேவையில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950களில் தெற்காசியா முழுவதையும் கட்டிப்போட்டது அப்படித்தான். இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை அமைச்சர் கேஸ்கர் ஓரங்கட்டிய காலம். இந்திய நேயர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1952 இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியின் பெயரிலேயே பற்பசையின் பெயர் இருந்தது. யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு நேயருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. நம் தமிழ்ச் சேவையிலும் விளம்பரதாரரின் பெயரைச் சொல்லித்தான் அந்த நிகழ்ச்சிகள் வந்தன. ஈழத்து மெல்லிசை வளர்ந்த காலத்தில் பாடகர்கள் குரல் தேர்வில் தேறி ஒலிப்பதிவுக்குப் போனார்கள். பாடியதற்கு வானொலி அவர்களுக்குச் சன்மானம் கொடுத்தது. காசு வானொலியில் இருந்து பாடகருக்குப் போனது. அந்தத் திசை இன்று தலைகீழாகிவிட்டது என்பதே எனக்குப் பெரிய வேதனை.

இலங்கைச் சட்டத்துக்கு வருகிறேன். தனியார் வானொலிகள் 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44 ஆம் பிரிவின்படி, அமைச்சர் கொடுக்கிற உரிமத்தில் இயங்குகின்றன. அலைவரிசை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் இருந்து வருகிறது. பாட்டுப் போட யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்கிற, அமெரிக்க ஆணைக்குழு போன்ற சுயாதீன அமைப்பு இங்கே இல்லை. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றுக்கான சட்டமூலம் வந்தது. அந்தச் சபை அரசாங்கத்தின் பிடியில் இருக்கும், சுயாதீனமாக இருக்காது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்புச் சரியானது. அதற்குப் பிறகு சுயாதீனமான ஒன்றை ஆக்கியிருக்க வேண்டியவர்கள் ஆக்கவில்லை.

அதனால் கேட்பாரே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அரச வானொலி ஊழியர் என்றால் பழைய 1954 ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டமே போதுமாக இருந்தது. தனியார் நிறுவனங்களின் விஷயத்தில்தான் ஓட்டை இருந்தது. அதை 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் அடைத்தது. அது 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் துறையில் வேலை செய்கிற ஒருவர், தன் கடமைக்கு மாறாக ஒன்றைச் செய்வதற்கோ செய்யாமல் விடுவதற்கோ கைம்மாறு கேட்பதும் வாங்குவதும் இப்போது இங்கே குற்றம். கொடுப்பதும் கொடுப்பதாகச் சொல்வதும் அப்படியே. "நான் கொடுத்தவன்தானே, ஏமாந்தவன்தானே" என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது. உங்கள் வங்கிக் கணக்கில் இருந்து அவருடைய கணக்குக்குப் போன 60,000 இருவருக்கும் எதிரான சான்றாக நிற்கும். அவர் கேட்ட குரல்பதிவும் குறுந்தகவலும் உங்கள் போனில் இருந்தால் அழிக்கவேண்டாம்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பீர்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. "அண்ணை, நிலையத்தின் பெயரில் விலைமனு அனுப்புங்கோ, நிலையத்தின் கணக்குக்குக் கட்டுறம், பற்றுச்சீட்டுத் தாங்கோ, வழங்குபவர் பெயரையும் சொல்லுங்கோ" என்று மரியாதையாக எழுதுங்கள். நேர்மையான ஆள் என்றால் விளம்பரப் பிரிவின் தொடர்பைத் தருவார். அப்படியே நடந்தால், கட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். சட்டத்தில் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் அத்தோடு அவர் பேச்சு நின்றுவிடும். தொடர்ந்து நெருக்கினாலோ, கொடுக்காவிட்டால் பாட்டை எங்கேயும் வரவிடமாட்டேன் என்று வெருட்டினாலோ, நிலையத்தின் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பெரும்பாலான நிலையங்களில் மேலிடத்துக்கு இது தெரியாமலேதான் நடக்கும். தங்கள் ஊழியர் தங்கள் நேரத்தைத் தனியே விற்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்கே கோபம் வரும்.

காசில்லாமல் பாட்டை எப்படிக் கொண்டுபோவது? நிகழ்ச்சி முகாமையாளருக்கு நேரே அனுப்புங்கள். ஒலித்தரம் குறையாத கோப்பாக, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களோடு, பாட்டைப் பற்றி நாலு வரி. நீங்கள் எந்த ஊர் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். திருகோணமலையில் இருந்து போகிற பாட்டுகள் குறைவு, அதுவே ஒரு காரணமாகக் கண்ணில் படும். உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று நிகழ்ச்சி வைத்திருக்கிற அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கனபேர் ஒரு சதம் வாங்காமல் நம் பாட்டுக்காகத் தங்கள் முகாமையாளரோடு வாதாடுகிறவர்கள். ஒரு பிழையான ஆளை வைத்து அந்தத் தொழிலையே எடைபோடவேண்டாம்.

அந்த 60,000 கையில் இருக்கிறதென்றால் அதை இங்கேயே செலவழிக்கலாம். பாட்டின் கலவையை இன்னொரு தடவை நல்ல ஒலிப்பொறியாளரிடம் கொடுத்துச் செய்வியுங்கள். வீட்டு ஸ்டூடியோப் பதிவுகள் வானொலியில் அடிபடுவதற்கு, காசு கொடுக்காதது காரணமாக இருப்பதைவிடக் குரல் இசைக்குள் அமுங்கிப்போவது காரணமாக இருப்பது அதிகம். மட்டக்களப்பு, கொழும்பு பஸ் ஓட்டுநர்களிடமும் ஓட்டோக்காரர்களிடமும் பாட்டைக் கொடுங்கள். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள், கல்யாண மண்டபக்காரர்கள், நிலாவெளிப் பக்க விடுதிகள் எல்லாரும் பாட்டுப் போடுகிறவர்கள்தான். 1970களில் ஈழத்துப் பொப் பாடல்கள் மேடை மேடையாகப் பரவியதும் இப்படிச் சனத்தின் வாய்வழியேதான்.

இணையத்தில் ஒரு பொறி இருக்கிறது. "10,000 ரூபாய்க்கு ஒரு இலட்சம் தடவை பாட்டைக் கேட்கவைப்போம்" என்று சொல்கிறவர்கள் இயந்திரங்களைக் கொண்டு எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். ஸ்பொட்டிஃபை 2024 முதல், ஒரு பாட்டின் கேட்பு எண்ணிக்கையில் பெரும்பகுதி போலி என்று கண்டால், உங்கள் பாட்டைத் தளத்தில் ஏற்றித் தருகிற விநியோகிப்பவரிடம் தண்டப்பணம் அறவிடுகிறது. விநியோகிப்பவர் அதை உங்கள் தலையில் கட்டுவார், அல்லது பாட்டையே எடுத்துவிடுவார். அதே தளத்தில் 2020 இல் அறிவிக்கப்பட்ட வேறொரு திட்டமும் உண்டு: உரிமைப் பணத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் உங்கள் பாட்டைப் புதிய நேயர்களுக்கு முன்னுரிமையோடு தரும். அது விதிகளுக்கு உட்பட்டது. ஆனால் கேட்கிறவருக்கு அந்தப் பாட்டின் மேல் ஓர் அடையாளமும் தெரிவதில்லை. அமெரிக்க வானொலி 1960 முதல் நேயருக்குச் சொல்லவேண்டியிருந்ததை இந்தத் தளங்கள் இன்றும் சொல்லாமல் இருப்பது சரியென்று நான் ஏற்கவில்லை.

கடைசியாக, மூன்று பேரும் இந்தக் கிழமையே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, குரல் யாருடையது, வருகிற காசு எப்படிப் பிரியும் என்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் நீங்கள் பாட்டை ஆக்கிய கணத்தில் இருந்தே உங்களுக்கு உரிமை தருகிறது. எங்கும் போய்ப் பதியவேண்டிய தேவையில்லை. அந்தத் தாளைப் படமெடுத்து மூன்று பேரின் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வந்து நாலாவது பெயராகத் தன்னையும் போடச்சொன்னால், எடுத்துக் காட்ட அது கையில் இருக்கும்.